படத்தில் குனிந்திருப்பவர்

மனநலப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு ஆபத்து நோயாளிகளால்தான் வரும் என்று பொதுமக்கள் நம்புகிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பேச்சு முறிந்தது முதல் வாடகைக்கு வீடு கிடைக்காமல் போனது வரை இந்த நம்பிக்கையால் எனக்கு நேர்ந்த சேதங்களை உத்தேசித்து, இதை உடனடியாகத் திருத்திவைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். தேனிக்குப் பக்கத்தில் ஒரு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பதினோரு வருஷமாகச் சமூகப் பணியாளனாக இருக்கிறேன். இதுவரை எந்த நோயாளியும் என்மீது கை வைத்ததில்லை. என்மீது பாய்ந்தவை ஒரு மேஜை விசிறியும், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படமும் மட்டுமே. படத்தின் விஷயத்தில் ஆணியைச் சரியாக அடிக்காதது என் தவறுதான்.

கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் சக ஜீவன்களுக்கு ஒன்று தெரியும். காத்திருக்கும் கூட்டத்துக்குப் பார்க்கச் சுவரில் ஏதாவது வேண்டும், இல்லாவிட்டால் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் அந்தப் படத்தை மாட்டினேன். பழைய பிரெஞ்சு ஓவியம் ஒன்றின் அச்சுப்படம் அது. பாரீஸ் நகரத்தில் மனநோயாளிப் பெண்களை அடைத்து வைத்திருந்த ஒரு மருத்துவமனையின் முற்றம். சில பெண்கள் தரையில் கிடக்கிறார்கள், சிலரைச் சுவரோடு சங்கிலியில் பிணைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு இளம்பெண் துவண்டுபோய் நிற்கிறாள். அவளுடைய இடுப்புச் சங்கிலியை ஒருவர் குனிந்து அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட டாக்டர் கையில் தடியோடு நேராக நிற்கிறார். இன்னொரு பெண் அவர் கையை முத்தமிடுகிறாள்.

மனநோயாளிகளின் சங்கிலியை முதலில் கழற்றியவர் இந்த டாக்டர்தான் என்பது உலகம் முழுவதும் பரவியிருக்கும் கதை. உண்மையில் அந்த வேலையைத் தொடங்கியவர் இன்னொரு மருத்துவமனையில் மேற்பார்வை பார்த்த ஒரு சாதாரண ஊழியர். டாக்டரே இதை எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் ஊழியரை விட்டுவிட்டு டாக்டரைப் பிடித்துக்கொண்டார்கள். ஓவியரோ சம்பவம் நடந்து ஏறக்குறைய எண்பது வருஷம் கழித்து வரைந்தவர், அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இவ்வளவையும் அரைப் பக்கத்துக்குத் தட்டச்சு செய்து படத்துக்குக் கீழே ஒட்டினேன். நாளது தேதி வரை அதை முழுதாகப் படித்தவன் நான் ஒருவனே.

பட்டம் வராத புனிதர்

படம் மாட்டிய முதல் வாரம், கணவருக்கு மாத்திரை வாங்க வந்த ஆரோக்கியமேரி டீச்சர் அதன் முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் ஜன்னல் கட்டையில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. அரசுக் கட்டடத்தில் நெருப்பு வைப்பது பற்றிய விதிகளை நினைத்துப் பதறிப்போய் ஓடினேன். "சார், இது எந்தப் புனிதர்? எங்க பங்குக் கோயில்ல இவரு படம் இல்லையே" என்று கேட்டார்.

இவர் புனிதர் இல்லை, டாக்டர், அந்த நாட்டில் ராஜாவை இறக்கிவிட்டுக் கோயில்களைப் பூட்டிய காலத்தில் வேலை பார்த்தவர், தவிரவும் சங்கிலியை முதலில் கழற்றியவர் இவர் இல்லை என்று மூன்று பகுதிகளாக விளக்கினேன். இடையில் எங்கேயும் குறுக்கிடாமல் பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதைக் கேட்பதுபோல் கேட்டார். முடிந்ததும் மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் நகர்த்தி, காற்றுப் படாத இடமாகப் பார்த்து வைத்தார்.

"பட்டம் இன்னும் குடுக்கல, அவ்வளவுதான சார்? இப்பவே வேண்டிக்கிருவோம். பட்டம் வந்துட்டா கூட்டம் சேந்துரும், நம்ம பேச்சு அவுக காதுல விழாது."

பொட்டு

மூக்கையா எங்கள் பிரிவின் பணியாளர். சீட்டு எடுத்துக் கொடுப்பது, வரிசையைச் சமாளிப்பது, யார் இன்றைக்கு ஒரு மாதிரி இருக்கிறார் என்று டாக்டரம்மாவுக்கு முன்கூட்டியே சொல்வது எல்லாம் அவர்தான். ஒரு காலத்தில் இதே வரிசையில் நின்று மாத்திரை வாங்கியவர். இதை நான் சொல்வது தவறில்லை, அவரே தினமும் பத்துப் பேரிடம் சொல்வார். புதிதாக வந்து அழும் அம்மாக்களிடம், "நான் உங்க மகனவிட மோசமா இருந்தவன்த்தா, இப்ப என்னைய வச்சே ஆஸ்பத்திரி நடக்குது" என்பார்.

ஆயுத பூஜைக்கு அவர் எடை மெஷின், பிரஷர் கருவி, பீரோ, முத்திரைக் கட்டை எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். படத்தின் கண்ணாடியிலும் ஒரு பொட்டு இருந்தது, டாக்டர் மேல் அல்ல, குனிந்திருப்பவர் நெற்றியில். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஊழியர்தான் முதலில் கழற்றியவர் என்ற என் அரைப் பக்கத்தை ஒருவர் படித்துவிட்டார்! அவரைப் பிடித்து உட்காரவைத்து, "அந்தப் பாரீஸ் ஊழியரும் முதலில் அதே மருத்துவமனையில் நோயாளியாகச் சேர்ந்தவர்தான் மூக்கையா, ஆனால் மனநோய்க்கு அல்ல, கழுத்துக் கழலைக்கு" என்றேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"அவருக்குக் கழுத்துல, எனக்குத் தலையில, சரி. ஆனா நான் அந்தக் காகிதத்தப் பாத்து வைக்கல சார். ஆயுத பூஜையில வேலை செய்ற கைக்குத்தான பொட்டு. நிக்கிறவுக கையில வெறும் தடிதான இருக்கு?"

யூரியா மூட்டை

ஆண்டிபட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர் தவசி. தம்பி ராசுவுக்காக மாதாமாதம் மாத்திரை வாங்க வருவார். இரண்டு வருஷம் முன்பு ராசுவுக்குக் காதில் யார் யாரோ பேச ஆரம்பித்து, அவர் பஸ்மீது கல் எறிந்து, ஒருமுறை கிணற்றில் குதித்து, கடைசியில் மாட்டுக் கொட்டகையில் காலில் சங்கிலியோடு உட்கார்ந்திருந்தார். போன வைகாசியில் கிராமத்து முகாமில் டாக்டரம்மா அவரைப் பார்த்து மாத்திரை எழுதினார். ஆவணிக்குள் ராசு நன்றாகத் தூங்கினார், தானே குளித்தார், மழை எப்போது வரும் என்று விசாரித்தார். இவ்வளவும் தவசியே சொன்னது.

"சங்கிலி?" என்று கேட்டால் மட்டும் மாதம் ஒரு பதில் வரும். ஆடியில் காற்று சரியில்லை. ஆவணியில் பக்கத்து வீட்டில் கல்யாணம். புரட்டாசியில் தறியில் வேலை அதிகம். ஐப்பசியில் வந்தபோது புண்ணுக்குக் களிம்பு கேட்டார். எங்கே புண் என்றேன். கணுக்காலில், என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையைப் பிடித்துப் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இருநூறு வருஷத்துக்கு முன்பே கழற்றிவிட்டார்கள், நீங்கள் இன்னும் யோசிக்கிறீர்கள் என்று பிரசங்கம் செய்தேன். அவர் படத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நிதானமாகப் பார்த்தார்.

"இதுல எல்லாரும் பொம்பளையாளுக சார். எங்க ராசு யூரியா மூட்டைய ஒத்தக் கையில தூக்குவான். அந்தத் தடிக்கார டாக்டர இங்கன வந்து அவுக்கச் சொல்லுங்க, பாப்போம்."

ஆய்வு

இதற்கு நடுவில் ஆய்வுக்கு ஒரு அதிகாரி வந்தார். பதிவேடுகள் சுத்தமாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். போகும்போது படத்தைக் கண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தரையில் கிடக்கும் பெண்களை எண்ணுவதுபோல் பார்த்தார். இது விடுதலையைக் காட்டும் படம் என்றேன். அவிழ்க்கப்படும் சங்கிலி என்று தனியே அழுத்திச் சொன்னேன்.

"அவிழ்க்கணும்னா முதல்ல கட்டியிருக்கணும்ல? பார்க்கிறவங்க நம்ம ஆஸ்பத்திரியத் தப்பா நினைப்பாங்க. சங்கிலியே இல்லாத சங்கிலிப் படமா ஒண்ணு மாட்டுங்க."

காற்று சரியில்லாத வீடு

ராசுவின் கணுக்கால் புண் என்னைத் தூங்கவிடவில்லை. டாக்டரம்மாவிடம் போய், மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவது சட்டப்படி குற்றம், போலீசில் சொல்லலாமா என்றேன். "சொல்லலாம். அவங்க போய்ப் பூட்டை உடைச்சுட்டு வருவாங்க. மறுநாள் வேற பூட்டு வாங்குவாங்க. மாத்திரைக்கு மட்டும் வர மாட்டாங்க. நீங்க முதல்ல ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பாருங்க, மூக்கையாவையும் கூட்டிட்டுப் போங்க. நீங்க பேசறத அவர் பார்த்துக்குவார்" என்றார். கடைசி வாக்கியத்தின் பொருளை நான் ஆராயவில்லை.

நாங்கள் போனபோது ராசு கொட்டகையில் கட்டில்மேல் உட்கார்ந்து அண்ணனின் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். கணுக்காலைச் சுற்றி இரும்புச் சங்கிலி, அதில் ஒரு பித்தளைப் பூட்டு, மறுமுனை கல்தூணில். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க சார். அண்ணே, சேர் எடுத்துட்டு வா. நானே எடுத்துப் போடுவேன் சார், ரெண்டடிக்கு மேல கால் போக மாட்டேங்குது" என்றார். மாட்டுச் சாணமும் களிம்பும் கலந்த வாசனை. சங்கிலிக்கு அடியில் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றியிருந்தார்கள், அது ஈரமாக இருந்தது.

சாவியைக் கொண்டு வாருங்கள் என்றேன். தவசி சேரை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் மனைவி அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டார். "சொல்லித் தொலைண்ணே" என்றார் ராசு. பிறகு அவரே சொன்னார். அவர்கள் குலசாமி கோயிலில் ஒரு மரப்பெட்டி உண்டு. சாமியின் உடுப்பும் சலங்கையும் அதற்குள் இருக்கும். வருஷத்தில் ஒரே நாள், மாசி மாதச் சிவராத்திரிக்குத்தான் திறப்பார்கள். எந்த வைத்தியமும் கேட்காமல் போன காலத்தில் தவசி பூட்டின் சாவியைக் கோயிலில் குறி சொல்லும் கோடாங்கியிடம் கொடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நீயாகக் கொடுக்கும்போது திறக்கிறேன் என்று சாமியிடம் வேண்டுதல். போன மாசியில் பெட்டி திறந்தபோது ராசு குணமாகவில்லை, சாவி திரும்ப உள்ளே போயிற்று. குணமானது அதற்கப்புறம். அடுத்த மாசிக்கு இன்னும் நான்கு மாதம். கணுக்காலுக்கு அவ்வளவு நாள் கிடையாது என்று எனக்கே தெரிந்தது.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கத்திவிட்டேன். தவசி கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"படிச்ச ஆளுககிட்ட வந்து, சாவி சாமிப் பெட்டிக்குள்ள கெடக்குன்னு எப்பிடி சார் சொல்றது? காத்து சரியில்லன்னு சொன்னா நம்புவீகன்னு நினைச்சேன்."

மாட்டைக் கேட்க வேண்டும்

பூட்டை உடைக்கலாம் என்றேன். தவசி கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். "சாமி குத்தம் ஆயிரும் சார். திரும்ப இவனுக்கு வந்துருச்சுன்னா? நான் பூட்டத் தொட்டதாலதான் வந்துச்சுன்னு ஆயுசுக்கும் நினைப்பேன்." நான் சட்டப் பிரிவுகளை வரிசையாக எடுத்துவிடத் தயாரானேன். மூக்கையா என் முழங்கையைத் தொட்டு, "சார், கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றார். அதாவது வாயை மூடு என்று. பிறகு கோடாங்கியைக் கூப்பிட்டு அனுப்பச் சொன்னார்.

கோடாங்கிக்கு எழுபது வயது இருக்கும். சட்டைப் பையில் செல்போன், கையில் ஊன்றுகோல். கொட்டகை வாசலில் நிமிர்ந்து நின்றார். மூக்கையா கும்பிட்டுவிட்டுப் பேச்சை ஆரம்பித்தார். இதை நான் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன், சட்டக் கல்லூரிகளுக்குப் பயன்படும்.

"அய்யா, சாமிகிட்ட ஒப்படைச்சது என்ன?"

"சாவி."

"பூட்டு?"

"சாவி சாமிதுன்னா பூட்டும் சாமிதுதான. அதத் தொடப்படாது."

"தொடல. சங்கிலி?"

"சங்கிலியப் பத்திப் பேச்சே வரலையேப்பா."

"அப்ப சங்கிலி யாருது?"

"மாட்டுது" என்றார் தவசி. "செவலப் பசுவக் கட்டி வச்சிருந்தது. அன்னைக்கு அவசரத்துக்கு அவுத்து இவனுக்குப் போட்டோம்."

"சாமிகிட்ட எதுக்குய்யா போகணும்? மாட்டக் கேட்டாப் போதும்ல?"

கோடாங்கி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் வாய்க்குள் ஏதோ சொன்னார். தவசி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "பூட்டுல ஒரு கீறல் விழப்படாது. சங்கிலிய என்னமும் பண்ணிக்கங்க" என்றார் கோடாங்கி. தவசி தறிக் கொட்டகைக்கு ஓடி இரும்பு அறுக்கும் ரம்பத்தோடு வந்தார்.

மூக்கையா தரையில் உட்கார்ந்து ராசுவின் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். தோலில் படாமல் இருக்கச் சங்கிலிக்கும் காலுக்கும் நடுவில் ஈரத்துணியை மடித்துச் சொருகினார். பூட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணி அறுபட முக்கால் மணி நேரம் ஆயிற்று. கோடாங்கி ஊன்றுகோலோடு நின்று பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையோடு கொண்டுபோன ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நேராக நின்றேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கடைசியில் சங்கிலி கழன்று வைக்கோலில் விழுந்தது. பூட்டு பூட்டியபடியே நான்கு கண்ணிகளோடு தனியாக வந்தது. கோடாங்கி அதை ஒரு மஞ்சள் துணியில் சுற்றி, மாசி வரை பத்திரமாக இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டார். தவசி தம்பியின் காலைத் தொடப்போய், தொடாமல், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். ராசு எழுந்து கொட்டகை வாசல் வரை நடந்தார். வெளியே போகாமல் அங்கேயே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், ஆஸ்பத்திரியில ஒரு படம் இருக்காம்ல, அண்ணன் சொல்லுச்சு. அதுல அவுத்துவிட்டாகளே அந்தப் பொண்ணு, அதுக்கப்பறம் அது எங்க போச்சு?"

அந்தப் பெண்

எனக்குத் தெரியாது என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொல்லிக் கேட்டது அன்றுதான் முதல் தடவை என்று மூக்கையா பஸ்ஸில் வரும்போது என்னிடமே தெரிவித்தார். அடுத்த இரண்டு வாரம் கிடைத்ததையெல்லாம் புரட்டினேன். டாக்டர் எங்கே பிறந்தார், ஓவியர் எங்கே படித்தார், கழற்றிய சங்கிலிக்குப் பதிலாகக் கையைக் கட்டும் சட்டை எப்படி வந்தது என்று எல்லாம் இருந்தது. நடுவில் நிற்கும் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. ஓவியர் மனதிலிருந்து வரைந்த பெண்ணாகக்கூட இருக்கலாம். ராசுவிடம் அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

கார்த்திகையில் ராசு அண்ணனோடு பஸ் ஏறித் தானே வந்தார். காலில் கட்டு, கட்டுக்குமேல் புதுச் செருப்பு. டாக்டரம்மா பார்த்து முடித்ததும் படத்துக்கு முன்னால் போய் நின்றார். வரிசையில் அவருக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு மூக்கையா சமாதானம் சொல்லும் அளவுக்கு நின்றார். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னார்.

"எங்க சார் போயிருக்கும், அங்கனதான் இருந்திருக்கும். அவுத்துவிட்ட மறுநாளே ஏதாச்சும் வேலை ஏவியிருப்பாக. எனக்கு ஒண்ணுக்கு ரெண்டு தறியக் குடுத்துட்டாகள்ல?"

போன வாரம் எங்கள் பிரிவுக்கு ஒரு மனு வந்தது. அனுப்பியவர் தவசியின் பக்கத்துத் தோட்டத்துக்காரர். மேற்படி சங்கிலியைத் தங்கள் பிரிவினர் அறுத்துவிட்டபடியால் அது மேற்படி செவலைப் பசுவுக்குத் திரும்பக் கிடைக்காமல், பசு இன்னமும் கயிற்றிலேயே கட்டப்பட்டு, கயிற்றைக் கடித்துத் தின்றுவிட்டு, தினசரி என் கொத்தவரைப் பாத்தியில் மேய்கிறது, ஆகவே தாங்களே நேரில் வந்து பசுவிடம் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். மனுவில் தேதி முத்திரை குத்தி டாக்டரம்மாவிடம் வைத்தேன். வருகிற செவ்வாய்க்கிழமை களப்பணிக்கு மூக்கையாவின் பெயரையும் அதற்குக் கீழே என் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.